நீலச் சாயமும் சிவப்பு வெளிச்சமும்: முரசுக்குச் செய்யும் ஒளிச் சிகிச்சை பாதுகாப்பானதா?

பல் முரசில் (ஈறில்) நீலச் சாயம் விட்டு, அதன் மேல் சிவப்பு வெளிச்சம் பிடிக்கும் சிகிச்சையைப் பற்றி இப்போது பலர் விசாரிக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகள் செய்துகொண்டதாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து ஆட்களின் வாழ்க்கையையும் மருந்துப் பழக்கத்தையும் மனதில் வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பெரும்பாலானோர் வெளிச்சத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். என் கவலை சாயத்தையும், சிகிச்சைக்கு முன் சொல்லாமல் விடும் விஷயங்களையும் பற்றியது.

இது என்ன சிகிச்சை? எப்படி வேலை செய்கிறது?

மூன்று பொருள்கள் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒரு சாயம், அந்தச் சாயம் உறிஞ்சக்கூடிய நிறத்தில் ஒரு வெளிச்சம், அங்கே இருக்கும் ஒட்சிசன். முரசு நோய் உள்ளவர்களுக்குப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் ஒரு பை போல இடைவெளி உண்டாகிவிடும். சாயத்தை அந்தப் பைக்குள் விட்டு ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை வைத்திருப்பார்கள். மிச்சத்தைக் கழுவிவிட்டு, ஒரு மெல்லிய முனையால் ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெளிச்சம் பிடிப்பார்கள்.

சாயம் வெளிச்சத்தின் சக்தியை வாங்கி ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. அந்த ஒட்சிசன் சில மைக்ரோ செக்கன்களுக்கு மிக வீரியமான நிலைக்குப் போய், பக்கத்தில் உள்ள பக்டீரியாவின் சுவரை உடைக்கிறது. அந்த வீரியம் ஒரு மயிரிழையின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. சாயம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை நடக்கும் என்று சொல்வது இதனால்தான்.

நல்ல முரசுத் தசை ஏன் கெட்டுப்போவதில்லை? மெதிலீன் நீலம், டொலுயிடின் நீலம் ஆகிய சாயங்களுக்கு நேர் மின்னேற்றம் உண்டு. பக்டீரியாவின் வெளிச்சுவருக்கு எதிர் மின்னேற்றம். அதனால் சாயம் பக்டீரியாவில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். நம் உடற்கலங்கள் அவ்வளவு விரைவாக அதை எடுப்பதில்லை. சாயத்தை நெடுநேரம் விட்டுவைக்காததும், வெளிச்சத்துக்கு முன் கழுவுவதும் இந்தக் காரணத்தை வைத்துத்தான். சாயம் கூடிவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதுவே வெளிச்சத்தை மறைத்து, அடியில் இருக்கும் கிருமிக்குப் போகவிடாது.

புதிதாக வந்ததா? எங்களில் பரீட்சித்துப் பார்க்கிறார்களா?

இல்லை. மெதிலீன் நீலம் 1876இல் ஜெர்மனியில் துணிக்குச் சாயமாகத் தயாரிக்கப்பட்டது. 1891இல் அதே பொருளை மலேரியா நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார் போல் ஏர்லிக். சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பதை மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் கண்டு 1900இல் எழுதினார். அவருடைய ஆசிரியர் டப்பைனர், இதற்கு ஒட்சிசனும் தேவை என்று சில ஆண்டுகளில் காட்டினார். வாய்க் கிருமிகளில் இதைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி 1990களின் தொடக்கத்தில் லண்டனில் மும்முரமாக நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் மனிதர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். முரசில் பூசும் முறையில் பாரதூரமான பக்கவிளைவு அரிது என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பலன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பல் அடைக்கும்போது பிடிக்கும் நீல வெளிச்சமும் இதுவும் ஒன்றா?

வேறு. அது அடைப்புப் பசையை இறுக வைக்கிற வெளிச்சம், ஏறக்குறைய 450 முதல் 470 நனோமீற்றர் (வெளிச்சத்தின் நிறத்தை, அதாவது அலைநீளத்தை, அளக்கும் அலகு). இந்தச் சிகிச்சையில் மெதிலீன் நீலத்துக்கும் டொலுயிடின் நீலத்துக்கும் 630 முதல் 670 வரையிலான சிவப்பு வெளிச்சம். இந்தோசயனின் பச்சை என்ற சாயத்துக்கு 810 அளவில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பல்லை வெள்ளையாக்கப் பிடிக்கும் லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த வெளிச்சம் எக்ஸ்ரே மாதிரியா? புற்றுநோய் வருமா?

எக்ஸ்ரே, வெயிலில் உள்ள புறஊதா ஆகியவற்றுக்குக் கலங்களின் மரபுப் பொருளை நேரடியாகத் தாக்கும் சக்தி உண்டு. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் அந்தச் சக்தி இல்லை. முரசில் சில நிமிடம் பிடிப்பதால் புற்றுநோய் உண்டாகும் என்று பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே வாயில் சந்தேகமான தழும்போ புண்ணோ இருந்தால் கதை வேறு. அதைக் கீழே வெற்றிலை பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். தயவுசெய்து அதை வாசிக்காமல் போக வேண்டாம்.

கண்ணுக்கு ஆபத்தா?

கவனிக்காவிட்டால், ஆம். இந்தச் சிகிச்சையில் வெளிச்சம் செய்யக்கூடிய பெரிய கெடுதி கண்ணுக்குத்தான். லேசர் என்றால் கதிர் ஒரே புள்ளியில் குவிந்து விழித்திரையைச் சுட்டுவிடும். அகச்சிவப்பு லேசர் இன்னும் மோசம், ஏனென்றால் அது தெரியாது. தெரியாத வெளிச்சத்துக்குக் கண் தானாக மூடிக்கொள்ளாது.

படுத்திருக்கும் உங்களுக்கும், வைத்தியருக்கும், பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். குழந்தையோடு தாய் உள்ளே இருந்தால் அவருக்கும் வேண்டும். கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிளுக்குப் போடும் கண்ணாடி, பல் அடைக்கும்போது தரும் செம்மஞ்சள் கண்ணாடி எதுவும் இதற்குச் சரிவராது. எத்தனை நனோமீற்றருக்கு உரியது என்று கண்ணாடியிலேயே எழுதியிருக்க வேண்டும். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காணும்" என்று சொன்னால் கண்ணாடி கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

சுடுமா? நரம்பு கெட்டுப்போகுமா?

சாதாரணமாக இலேசான சூடு, சிலருக்குச் சின்னக் கூச்சம், அவ்வளவுதான். பெரும்பாலும் விறைக்கிற ஊசிகூடத் தேவைப்படாது. பல்லின் உள் நரம்புப் பகுதி ஏறக்குறைய ஐந்தரைப் பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டைத் தாண்டினால் கெடத் தொடங்கலாம் என்பது 1965இலிருந்து பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவு. குறைந்த சக்திச் சிவப்பு வெளிச்சம் சரியான நேரத்துக்குப் பிடிக்கப்படும்போது அந்த எல்லைக்குக் கிட்டவும் வராது. அகச்சிவப்பு லேசரை ஒரே இடத்தில் அசைக்காமல் வைத்திருந்தால் வரலாம். சிகிச்சையின் நடுவில் சுடுகிறது என்று தோன்றினால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், கையைத் தூக்குங்கள்.

செய்துவிட்டு வயலுக்கோ கடலுக்கோ போகலாமா? வெயில் படக் கூடாது என்கிறார்களே?

போகலாம். வெயில் படக் கூடாது என்ற கதை வேறொரு சிகிச்சையிலிருந்து வந்தது. சில புற்றுநோய்களுக்கு ஒளியால் தூண்டப்படும் மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். அது உடம்பு முழுக்கப் பரவித் தோலிலும் தங்கும். போர்ஃபிமர் என்ற மருந்து ஏற்றியவர் குறைந்தது 30 நாள் வெயிலையும் பலமான வெளிச்சத்தையும் தவிர்க்க வேண்டும். முரசுக்குச் செய்வதில் சாயம் பைக்குள் மட்டும் சில துளி விடப்படுகிறது, பிறகு கழுவப்படுகிறது. திருக்கோவில் கடற்கரையில் வலை இழுப்பவரும், சம்மாந்துறை வயலில் வெட்டுக்கு நிற்பவரும் மறுநாளே வேலைக்குப் போகலாம். ஒரு சின்ன விஷயம்: உதட்டில் நீலம் பட்டிருந்தால் கிளினிக்கை விட்டு வெளிக்கிடும் முன் நன்றாகத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

வயல் செய்பவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை குடிக்கும்போது இதைச் செய்யலாமா? டொக்சிசைக்கிளின் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது முக்கியமாகப் புறஊதாவுக்கு. வாய்க்குள் பிடிக்கும் சிவப்பு வெளிச்சம் அந்த வகை அல்ல. குளிசையை நிறுத்தாதீர்கள், வைத்தியருக்கு மட்டும் சொல்லுங்கள். லூபஸ், பொர்ஃபீரியா போல வெளிச்சம் பட்டாலே கூடுகிற நோய் உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் முடிவாகும்.

ஜி6பிடி குறைபாடு என்று ஒன்று சொல்கிறார்களே, அது எங்களுக்கு ஏன் முக்கியம்?

சிவப்பு இரத்தக் கலங்களைக் காக்கும் ஒரு நொதியம் பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் அது. ஆண் பிள்ளைகளுக்குத் தாய் வழியாகக் கடத்தப்படும். பாதிக்கப்படுவது கூடுதலாக ஆண்கள். அப்படிப்பட்டவரின் இரத்தத்தில் மெதிலீன் நீலம் போதிய அளவு சேர்ந்தால் சிவப்புக் கலங்கள் உடையலாம். மெதிலீன் நீல ஊசியை இவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்பது மருந்து விதி.

மலேரியா நீண்டகாலம் இருந்த இடங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படும். கிழக்கு அப்படிப்பட்ட இடம்தான். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தாலும், பரம்பரையில் வந்தது பரம்பரையில்தான் இருக்கும். பலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. ஆகவே வீட்டில் கேட்டுப் பாருங்கள். மலேரியாக் குளிசை குடித்த பிறகு கடும் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் சிறுநீர் போன யாரும் இருக்கிறார்களா? பிறந்த கையோடு மஞ்சள் காமாலை கூடி, இரத்தம் மாற்றப்பட்ட ஆண் பிள்ளை உண்டா? இருந்தால் வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். டொலுயிடின் நீலமும் மெதிலீன் நீலத்தின் அதே குடும்பம் என்பதால், பெயர் வேறு என்று நினைத்துத் துணியக் கூடாது.

அளவையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம் வரும். ஊசியாக ஏற்றும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கொடுப்பார்கள்; 50 கிலோ ஆளுக்கு 50 முதல் 100 மில்லிகிராம். முரசுக்கு விடும் சாயம் 0.01 சதவீதம் என்றால் ஒரு மில்லிலீற்றரில் இருப்பது வெறும் 0.1 மில்லிகிராம். ஆனால் ஒரு சதவீதச் சாயமும் பாவனையில் உண்டு. அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு. இரண்டும் பார்வைக்கு நீலம்தான். "இது எத்தனை சதவீதம்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

மனச்சோர்வுக்குக் குளிசை குடிக்கிறேன். சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

மூளையில் செரட்டோனின் என்ற பொருளை உடைக்கும் நொதியத்தை மெதிலீன் நீலம் தடுக்கிறது. ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், வென்லாஃபக்சின் ஆகிய மருந்துகள் செரட்டோனினைக் கூட்டுகின்றன. வலிக்குக் கொடுக்கும் ட்ரமடோலும் இந்தப் பட்டியலில் சேரும். இரண்டும் உடம்பில் சந்தித்தால் செரட்டோனின் அளவு மீறிப் போகலாம். பதகளிப்பு, குழப்பம், வியர்வை, கை கால் துடிப்பு, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணமானவர்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சையில் ஊசியாக அதிக அளவு ஏற்றப்பட்டவர்கள். முரசில் சில துளி என்பது அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஆபத்து மிகச் சிறியது. ஆனாலும் தெரிந்துகொண்டே அதை எடுக்கத் தேவையில்லை. வேறு சாயம் இருக்கிறது, சாயமே இல்லாத சிகிச்சையும் இருக்கிறது.

சொல்லாமல் விடுவதற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது. யுத்தமும் 2004 சுனாமியும் கண்ட மண் இது. இங்கே மனநலக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் குறைவில்லை. எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. பல் கிளினிக்கில் வரிசையில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். ஒரு துண்டில் மருந்தின் பெயரை எழுதியோ, கிளினிக் கொப்பியை அப்படியே எடுத்துப்போயோ வைத்தியரின் கையில் கொடுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பல் சிகிச்சைக்காக அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்துவது இந்தச் சாயத்தைவிடப் பெரிய கேடு. ஃபுளுவொக்செட்டின் நிறுத்தினாலும் ஐந்து கிழமை வரை உடம்பில் நிற்கும், ஆகவே இரண்டு நாள் விட்டதால் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது.

இறாலும் நண்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பச்சைச் சாயத்தில் அயடின் இருக்கிறதாமே?

இந்தோசயனின் பச்சையில் பெரும்பாலும் சிறிதளவு அயடைட்டு இருக்கும், உண்மை. ஆனால் வாவி இறாலைத் தின்றால் உடம்பு தடிப்பவருக்கு ஒத்துக்கொள்ளாதது இறாலின் தசையில் உள்ள புரதம், அயடின் அல்ல. அதை வைத்து இந்தச் சாயம் கூடாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. முன்பு சி.டி. ஸ்கேன் எடுக்க மருந்து ஏற்றியபோது மூச்சு முட்டியது, உடம்பு முழுக்கத் தடித்தது என்றால் சொல்ல வேண்டும். தைரொயிட் கூடுதலாக வேலை செய்யும் நோய் உள்ளவர்களும் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார், பால் கொடுப்பவர்கள், சிறுபிள்ளைகள்?

கர்ப்ப காலத்தில் மெதிலீன் நீலம் வேண்டாம். கருப்பைக்குள் ஊசியாகச் செலுத்தியபோது சிசுவின் குடலில் குறை உண்டானது பதிவாகியிருக்கிறது. முரசில் பூசுவது அப்படியல்ல என்றாலும், பிள்ளை பிறக்கும் வரை பிந்திப் போடக்கூடிய ஒரு மேலதிகச் சிகிச்சைக்காக அந்தக் கேள்வியையே ஏன் எழுப்ப வேண்டும்? அதேவேளை, முரசில் இரத்தம் வடிகிறது என்றால் காறை (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு) எடுத்துத் துப்புரவு செய்வதைக் கர்ப்பத்திலும் செய்யலாம்; செய்ய வேண்டும். பலர் "பிள்ளை வயிற்றில் இருக்கு, பல்லில் கை வைக்கக் கூடாது" என்று ஒன்பது மாதமும் வலியோடு கிடக்கிறார்கள். அது தேவையில்லாத கஷ்டம்.

பால் கொடுப்பவர்களும் பிந்திப் போடுவது நல்லது. சிறுபிள்ளைகளுக்கு இது வழமையான சிகிச்சை அல்ல.

சீனி வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை, இருதயத்தில் பேஸ்மேக்கர்?

சீனி வருத்தத்துக்கும் முரசு நோய்க்கும் இருபக்கத் தொடர்பு உண்டு: சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். வெளிச்சச் சிகிச்சையை அவர்களுக்குச் செய்வதில் தனியான தடை இல்லை. இரத்தம் இளக்கும் குளிசை குடிப்பவர்களுக்கு வெளிச்சத்தால் பிரச்சினை இல்லை. அதற்கு முன் காறை எடுக்கும்போது இரத்தம் கூடுதலாக வரலாம், ஆகவே சொல்லுங்கள். பேஸ்மேக்கரை இந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது. காறை எடுக்கும் அதிர்வுக் கருவிகளில் சில பழைய வகைகளுக்குத்தான் கவனம் தேவை.

நோன்பு பிடித்திருக்கும்போது செய்யலாமா?

சாயமும் கழுவும் தண்ணீரும் தொண்டைக்குள் போகலாம். பல் பிடுங்கும் அவசரம் போல இதில் அவசரம் ஒன்றும் இல்லை. நோன்பு துறந்த பிறகு இரவு நேரக் கிளினிக்கிலோ, பெருநாள் முடிந்த பிறகோ வைத்துக்கொண்டால் மனமும் நிம்மதியாக இருக்கும்.

பல்லும் முரசும் நீலமாகவே நின்றுவிடுமா?

முரசிலும் நாக்கிலும் சில மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரை நீலம் தெரியும், பிறகு போய்விடும். விழுங்கிவிட்டால் சிறுநீர் சற்று நீலப்பச்சையாகப் போகலாம். அடைப்பின் விளிம்பிலும் வெடிப்பிலும் நிறம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வேர்ச் சிகிச்சையில் பல்லுக்குள் சாயம் விடும்போதுதான் நிறம் உள்ளேயே தங்கும் வாய்ப்பு உண்டு, முன்பல் என்றால் "உள்ளே நன்றாகக் கழுவுவீர்களா?" என்று கேளுங்கள். வெள்ளைச் சேட்டு, நல்ல சாறி உடுத்துப் போக வேண்டாம்.

நான் வெற்றிலை போடுகிறவன். வாயில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. இந்த வெளிச்சத்தால் அதை எரிக்கலாமா?

வேண்டாம். முதலில் அதைக் காட்டுங்கள்.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முதலிடத்தில் நிற்கிறது. வெற்றிலையோடு போடும் புகையிலை ஒரு காரணம். பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் தெளிவாக அறிவித்துவிட்டது. புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான் என்று ஆறுதல்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கன்னத்தின் உள்ளே துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, வெல்வெட்டு மாதிரிச் சிவப்புத் தழும்பு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் வாய் முழுக்க எரிவு, வாய் முன்போல அகலத் திறக்காமை, கழுத்தில் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் முதலில் ஒரு பல் வைத்தியர் பார்க்க வேண்டும். தேவையென்றால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வெளிச்சமும் மருந்தும் சேர்ந்து சில வெள்ளைத் தழும்புகளைக் குணப்படுத்தும் முறை இருக்கத்தான் செய்கிறது. அது வேறு மருந்து, வேறு அளவு. துண்டு எடுத்துப் பார்த்து, என்ன நோய் என்று உறுதியான பிறகு விசேட நிபுணர்கள் செய்வது. முரசுக்கு வைத்திருக்கும் நீலத்தைப் பூசி "அடித்துப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மேல் தோல் கொஞ்சம் மாறும், எரிவு குறைந்த மாதிரி இருக்கும், அந்த நிம்மதியில் ஆறு மாதம் போய்விடும். வாய்ப்புற்றுநோயில் அந்த ஆறு மாதம் மிகப் பெரியது. இந்தச் சிகிச்சை செய்யக்கூடிய ஆகப் பெரிய தீங்கு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டொலுயிடின் நீலத்தை வெளிச்சம் இல்லாமலும் வாயில் பூசுவார்கள். சந்தேகமான இடம் கடும் நீலமாகத் தெரியும். எங்கே துண்டு எடுப்பது என்று பார்க்க அது உதவும். சாதாரணப் புண்ணிலும் நீலம் பிடிக்கலாம், ஆகவே நீலம் பிடித்தது என்றதும் நோய் என்று உடைந்துபோக வேண்டாம். பிடிக்கவில்லை என்பதை வைத்துத் துண்டுப் பரிசோதனையைத் தவிர்க்கவும் வேண்டாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகளிலும் பல் பிரிவில் வாயைக் காட்டுவதற்குக் காசு தேவையில்லை.

சரி, பாதுகாப்பு என்கிறீர்கள். பலன் உண்டா?

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முரசு நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை காறையையும் வேரில் ஒட்டிய அழுக்கையும் கருவியால் எடுப்பது, பிறகு வீட்டில் ஒழுங்காகத் துலக்குவது. வெளிச்சம் அதற்கு மேலதிகம். ஐரோப்பிய முரசு நோய் வைத்தியர் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, துப்புரவுச் சிகிச்சையோடு இதைச் சேர்க்க வேண்டாம் என்றே ஆலோசனை சொன்னது. கெடுதி என்பது அதற்குக் காரணமில்லை. சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் போதிய அளவு உறுதியாகத் தெரியவில்லை. சில ஆய்வுகளில் பையின் ஆழம் கொஞ்சம் கூடக் குறைகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கண்டபடி விழுங்கி அவை கேட்காமல் போகும் காலத்தில், பக்டீரியா எளிதில் பழகிக்கொள்ளாத ஒரு முறை கையில் இருப்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் காசு மட்டுமட்டாக இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், அந்தக் காசை வெளிச்சத்துக்குக் கொடுக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முரசைத் துப்புரவு செய்யப் போகும் பஸ் காசுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். துப்புரவு செய்யாமல் வெளிச்சம் மட்டும் பிடிக்கிறோம் என்று யாரும் சொன்னால் அந்தக் கதிரையில் இருக்காதீர்கள். காறைக்கு அடியில் வெளிச்சம் போகாது.

ஒன்லைனில் சின்னச் சிவப்பு லைட் விற்கிறார்கள். மெதிலீன் நீலம் மீன்தொட்டிக் கடையிலேயே கிடைக்கிறது. வீட்டில் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். மீனுக்கு விற்பதும், ஆய்வுகூடத்தில் நிறமூட்ட வைத்திருப்பதும் மனிதருக்கு என்று சுத்திகரிக்கப்பட்டவை அல்ல. ஆசனிக், ஈயம் ஆகிய பார உலோகங்கள் கலந்திருக்கலாம். செறிவும் உங்களுக்குத் தெரியாது. லைட்டின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே எத்தனை நனோமீற்றர், எவ்வளவு சக்தி என்று வீட்டில் அளக்க வழியில்லை. பிள்ளைகள் விளையாடும் லேசர் பேனாவைப் பாவிப்பது கண்ணைப் பணயம் வைப்பது. தவிர, ஆழமான பைக்குள் வெளிச்சத்தைக் கொண்டுபோக மெல்லிய முனை வேண்டும். வெளியில் இருந்து பிடித்தால் முரசின் மேல்தான் படும். நோய் இருப்பது அடியில்.

கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும்?

நீளமான விசாரணை தேவையில்லை. செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியரா? சாயத்தின் பெயர், செறிவு, காலாவதித் திகதி என்ன? குப்பியைக் காட்டச் சொல்லலாம். இந்தச் சாயங்கள் வெளிச்சம் பட்டால் கெடும். நம் வெக்கைக்கு யன்னல் ஓரத்தில் கிடந்த தெளிவான குப்பி என்றால் யோசியுங்கள். சாயமும் கருவியும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதியோடு வந்தவையா? கண்ணாடி எங்கே? இவற்றைக் கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். உங்கள் பக்கத்திலிருந்து கொண்டுபோக வேண்டியது கிளினிக் கொப்பியும், குடிக்கும் எல்லாக் குளிசை அட்டைகளும். நாட்டு மருந்தும் அதில் அடக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிப்பது?

அன்றைக்கு முரசு கொஞ்சம் நோகலாம், துலக்கும்போது இரத்தம் கசியலாம். பல் துலக்குவதை நிறுத்த வேண்டாம். மென்மையான தூரிகையால் துலக்குங்கள். சூடான சாப்பாட்டையும் உறைப்பையும் அன்று தவிர்த்தால் போதும். வெற்றிலையை ஒரு நாளாவது தள்ளிவையுங்கள். முடிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

முகம் வீங்குதல், மூச்சு எடுக்கக் கஷ்டம், உடம்பு தடித்தல், நடுக்கத்தோடு குழப்பமும் காய்ச்சலும் வருதல் என்றால் பல் கிளினிக்குக்குப் போன் பண்ணிக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சாயம் விட்டதையும் குடிக்கும் மருந்துகளையும் வந்தவர்களிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போய், உடம்பு சோர்ந்துபோனால் அன்றே வைத்தியசாலைக்குப் போய் ஜி6பிடி பற்றிக் கேளுங்கள். கண்ணில் வெளிச்சம் பட்டதாகத் தோன்றி, பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறையாமல் நின்றால், வலி இல்லை என்று விடாமல் கண் வைத்தியரைப் பாருங்கள்.